‘ஃபைனலி’, ‘ஈவென்ச்சுவலி’: இரண்டுக்கும் ‘இறுதியில்’ என்று எழுதினால் போதுமா?

தொடக்கப் பதிவு

வணக்கம். சில வாரங்களுக்கு முன் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழை இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பதால் இதை இங்கே எழுதுகிறேன். மறைந்த என் பெரியப்பாவைப் பற்றித் தமிழில் ஒரு நினைவுக் குறிப்பு எழுதியிருந்தேன். தமிழ் படிக்கத் தெரியாத அவருடைய பேரப்பிள்ளைகளுக்காக அதை நானே ஆங்கிலத்தில் பெயர்த்தேன். ‘எட்டு மாதம் படுக்கையில் இருந்து, இறுதியில் காலமானார்’ என்பது தமிழ் வாக்கியம். ‘இறுதியில்’ என்பதற்கு ‘ஃபைனலி’ என்று வைத்து, ‘ஹி ஃபைனலி டைட்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். படித்த பேத்தி, ‘அவர் எப்போது போவார் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தீர்களா?’ என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையான வருத்தத்தோடு கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு விசாரித்தபோது அந்த இடத்தில் ‘ஈவென்ச்சுவலி’ என்று எழுதியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். என் மேசையிலுள்ள ஆங்கிலம்–தமிழ் அகராதியோ இரண்டு சொற்களுக்கும் ‘இறுதியில்’, ‘முடிவில்’ என்றே பொருள் தருகிறது. தமிழில் ‘இறுதியில் காலமானார்’ என்று எழுதும்போது அதில் யாருடைய எதிர்பார்ப்பும் இல்லையே? அப்படியிருக்க ஆங்கிலச் சொல்லுக்குள் அது எப்படிப் புகுந்தது? விதியைச் சொல்லி விட்டுவிடாமல், காரணத்தையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் இழப்புக்கு முதலில் என் ஆழ்ந்த இரங்கல். நான் நெடுங்காலமாக ஆங்கிலம் கற்பிப்பவள். இந்த இரண்டு சொற்களில் தடுமாறாத மாணவரை நான் இதுவரை கண்டதில்லை என்பதால், நீங்கள் உங்களை நொந்துகொள்ளத் தேவையில்லை.

இரண்டு சொற்களும் ‘காலம் கடந்த பிறகு’ என்ற ஒரே செய்தியைத்தான் தருகின்றன. ஆனால் அந்தக் காலத்தை யார் எங்கே நின்று பார்க்கிறார் என்பதில் அவை பிரிகின்றன. ‘ஃபைனலி’ என்று சொல்பவர், காத்திருந்தவரின் பக்கத்தில் நிற்கிறார். நடக்க வேண்டியது நடக்காமல் இழுத்துக்கொண்டே போனது, இப்போது நடந்துவிட்டது என்ற உணர்வு அந்தச் சொல்லோடு வருகிறது. ‘ஈவென்ச்சுவலி’ என்று சொல்பவர் சற்று விலகி நின்று, இடையில் கடந்த நீண்ட காலத்தையும் அதன் வளைவு நெளிவுகளையும் பார்த்துவிட்டு, அது எங்கே போய் முடிந்தது என்று மட்டும் சொல்கிறார். அவர் அந்த முடிவை விரும்பினாரா வெறுத்தாரா என்பது அச்சொல்லில் தெரியாது.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நெடுநேரம் தாமதமாக வந்த நண்பரை வாசலில் பார்த்ததும், ‘ஃபைனலி!’ என்று ஒற்றைச் சொல்லாக வியந்து சொல்லலாம். அதே இடத்தில் ‘ஈவென்ச்சுவலி!’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாறாக, ‘அவர் வருவாரா?’ என்று ஒருவர் கேட்கும்போது ‘ஈவென்ச்சுவலி’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லலாம், ‘வருவார், ஆனால் எப்போது என்று கேட்காதீர்கள்’ என்பது அதன் பொருள். அங்கே ‘ஃபைனலி’ பதிலாகாது.

வினையின் காலமும் இதையே காட்டும். ஒருவர் இப்போதுதான் வந்திருக்கிறார் என்றால் ‘ஷி ஹாஸ் ஃபைனலி அரைவ்ட்’ என்பது இயல்பாக ஒலிக்கும். அதில் ‘ஈவென்ச்சுவலி’யைப் பொருத்தினால் ஆங்கிலம் நன்கு அறிந்தவரின் காது உடனே தடுக்கும். அந்த வினைவடிவம் நிகழ்வை இந்தக் கணத்தோடு கட்டிப்போடுகிறது. ‘ஈவென்ச்சுவலி’யோ தொலைவில் நின்று பார்க்கும் சொல். எதிர்காலத்தில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. சூரியன் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் செம்பெருமீனாக (சிவந்து பெருத்த விண்மீனாக) மாறும் என்பதை ஆங்கிலத்தில் ‘ஈவென்ச்சுவலி’ என்றுதான் எழுத முடியும். ‘ஃபைனலி’ என்று எழுதினால், யாரோ ஒருவர் அதற்காகப் பொறுமையிழந்து காத்திருப்பது போலாகிவிடும். ‘நாளை நாம் ஃபைனலி சந்திக்கப்போகிறோம்’ என்பது சரியாக இருப்பதற்குக் காரணம், அந்தக் காத்திருப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதுதான்.

இறப்பைப் பற்றிய வாக்கியத்தில் இந்தச் சொல் ஏன் அப்படிக் குத்தியது என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். காத்திருப்பைக் குறிக்கும் சொல்லை மரணத்தின் முன்னால் வைத்தால், மரணம்தான் எதிர்பார்க்கப்பட்டது என்றாகிவிடுகிறது.

மறுமொழி 2

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ‘ஃபைனலி’ வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது, இடம் மாறும்போது வேலையும் பெரும்பாலும் மாறிவிடுகிறது.

வாக்கியத்தின் தொடக்கத்தில் காற்புள்ளியோடு வந்தால், அது பெரும்பாலும் வரிசையில் கடைசி என்பதைக் குறிக்கும்: முதலில் இது, அடுத்து அது, ஃபைனலி இன்னொன்று. இங்கே ஏக்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வந்தால், அம்மா விளக்கிய காத்திருப்புப் பொருள் வரும். வினைக்குப் பின்னால், வாக்கியத்தின் முடிவில் வந்தால், ‘இனி மாற்றமில்லை’ என்ற பொருளுக்கும் இடமுண்டு. சட்ட மொழியில் ஒரு வழக்கு ‘ஃபைனலி’ தீர்க்கப்பட்டது என்று சொல்லப்படும்போது, வெகுநாள் கழித்துத் தீர்க்கப்பட்டது என்பது பொருளன்று. மீண்டும் திறக்க முடியாதபடி முடிவாகத் தீர்க்கப்பட்டது என்பதே பொருள். ஒரே மாதத்தில் முடிந்த வழக்குக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

‘ஈவென்ச்சுவலி’க்கு இப்படிப் பல வேலைகள் கிடையாது. அது எங்கே நின்றாலும் ஒரே பொருள்தான்.

மறுமொழி 3

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளையும் மதிப்போடு படித்தேன், ஆயினும் முழுமையாக உடன்பட முடியவில்லை. மூன்று மணி நேரம் தேடிய பிறகு சாவி கிடைத்தது என்பதை ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாலும் எழுதலாம், இரண்டும் பிழையற்றவை. செய்தி அறிக்கைகளில் ஒரு தீர்மானம் ‘ஃபைனலி’ நிறைவேறியது என்று எழுதுபவர், தாம் அதை விரும்பினார் என்று காட்டிக்கொள்ளவில்லை. எனவே ‘ஃபைனலி’ என்றாலே நிம்மதி, ‘ஈவென்ச்சுவலி’ என்றாலே விலகல் என்று கோடு கிழிப்பது, வாழும் மொழியைப் பாடப்புத்தகப் பெட்டிக்குள் அடைப்பதாகாதா? பெரியப்பாவின் வலியெல்லாம் தீர்ந்தது என்ற பொருளில் ‘ஃபைனலி’ என்று ஒரு மகள் எழுதினால், அதைப் பிழை என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

மறுமொழி 4 (மறுமொழி 1 எழுதியவர்)

ஐயா, உங்கள் மறுப்பில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். கடந்தகாலக் கதை சொல்லும்போது, நெடிய முயற்சிக்குப் பிறகு கிடைத்த ஒன்றைப் பற்றி இரண்டு சொற்களும் வரலாம். வேறுபாடு அங்கே நூலிழை அளவுதான். சாவியைத் தேடிக் களைத்தவர் பேசுகிறாரா, பக்கத்திலிருந்து பார்த்தவர் பேசுகிறாரா என்பதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை.

செய்தி அறிக்கையைப் பற்றி மட்டும் சிறிது வேறுபடுகிறேன். அங்கே எழுதுபவர் விரும்பினார் என்று நான் சொல்லவில்லை. யாரோ காத்திருந்தார்கள், அல்லது அது முன்பே நடந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பொதுவில் இருந்தது என்பதைத்தான் அச்சொல் ஒப்புக்கொள்கிறது. இன்னும் நடுநிலையாக எழுத விரும்பும் செய்தியாளர் அந்தச் சொல்லையே தவிர்ப்பார்.

மகள் எழுதினால் பிழையா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. பிழையே இல்லை. தந்தையின் துன்பம் முடிவதற்குக் காத்திருந்ததாக அவளே தெரிந்து சொல்கிறாள். படிப்பவரும் அப்படியே எடுத்துக்கொள்வார். இங்கே நடந்ததோ அப்படியன்று. தாம் சொல்ல நினைக்காத ஒன்றை இவர் சொன்னதாகிவிட்டது. மாணவர்களிடம் நான் வலியுறுத்துவதும் இதைத்தான்: சொல் சரியா தவறா என்பதோடு நிற்காதீர்கள், அது உங்கள் சார்பில் எதை ஒப்புக்கொள்கிறது என்று கேளுங்கள்.

மறுமொழி 5

கணிதமும் கணினியும் சார்ந்த பணியில் இருப்பவன் நான். இந்த இரண்டு சொற்களையும் எங்கள் துறை கலைச்சொற்களாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே அவை தம் உணர்ச்சிச் சுமையை இறக்கி வைத்துவிட்டு நிற்பதால், எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஜாவா, பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் ‘ஃபைனலி’ என்றொரு பகுதி உண்டு. முன்னால் உள்ள கட்டளைகள் பிழையின்றி ஓடினாலும், நடுவில் பிழை எழுந்தாலும், அந்தப் பகுதி கடைசியில் இயங்கும். திறந்த கோப்பை மூடுவது போன்ற வேலைகளை அங்கே வைப்போம். இது வரிசையில் கடைசி என்ற பொருள், காத்திருப்பு இதில் இல்லை. மறுமொழி 2 சொன்ன முதல் வேலை இதுதான்.

‘ஈவென்ச்சுவலி’ கணிதத்தில் இன்னும் அழகானது. 2-இன் n-ஆம் அடுக்கையும் n-இன் பத்தாம் அடுக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். n என்பது 1 ஆக இருக்கும்போது முதலாவது பெரிது. 2 முதல் 58 வரை இரண்டாவது பெரிது, தொடக்கத்தில் மிகமிகப் பெரிது. 59-இல் முதலாவது முந்துகிறது. அதன் பிறகு அது ஒருபோதும் பின்தங்குவதில்லை. இதைத்தான் முதலாவது ‘ஈவென்ச்சுவலி’ பெரிது என்பார்கள். ஏதோ ஓர் எல்லைக்கு அப்பால் எப்போதும் உண்மை என்பது அதன் பொருள். எல்லை 59 என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஓர் எல்லை உண்டு என்பதே போதும்.

தரவுத்தளங்களில் ‘ஈவென்ச்சுவல் கன்சிஸ்டன்சி’ என்ற கோட்பாடும் இதைத் தழுவியதே. ஒரே தரவின் படிகள் பல கணினிகளில் இருக்கும்போது, ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களுக்கு உடனே போய்ச் சேராது. புதிய மாற்றம் எதுவும் வராமல் இருந்தால், எல்லாப் படிகளும் ஒரு கட்டத்தில் ஒன்றுபட்டுவிடும் என்பதே உறுதிமொழி. இணையப் பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ் அமைப்பு இவ்வாறுதான் இயங்குகிறது. எப்போது என்று கேட்டால் அந்த உறுதிமொழியில் பதில் இல்லை. இந்தப் பெயருக்கு ‘ஃபைனலி’யைச் சூட்டியிருந்தால், இதோ ஒன்றுபட்டுவிட்டது என்ற தவறான எண்ணம் வந்திருக்கும்.

ஆனால் நேர்மையாக ஒரு முரணையும் சொல்ல வேண்டும். நிரல்களின் நடத்தையை நிறுவுவதற்குக் காலத் தருக்கத்தை, அதாவது ஒரு கூற்று எப்போது உண்மையாகும் என்பதையும் கணக்கில் கொள்ளும் தருக்கத்தை, பயன்படுத்தலாம் என்று 1977-இல் காட்டிய அமீர் ப்னூலி, கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை 1996-இல் பெற்றார். அந்தத் தருக்கத்தில் ‘எதிர்காலத்தில் ஒருமுறையேனும் நடக்கும்’ என்பதற்கான குறியை ‘ஈவென்ச்சுவலி’ என்றும் படிப்பார்கள், ‘ஃபைனலி’ என்றும் படிப்பார்கள். ஒருமுறை நடந்தால் போதும், அதன் பின் நிலைத்திருக்க வேண்டியதில்லை. ஆக, கணிதத்தின் ‘ஈவென்ச்சுவலி’ நிலைத்து நிற்பது, தருக்கத்தின் ‘ஈவென்ச்சுவலி’ ஒருமுறை வந்துபோவது. அன்றாட ஆங்கிலம் தருக்கத்தின் பக்கமே நிற்கிறது என்று நினைக்கிறேன். அவர் ‘ஈவென்ச்சுவலி’ திரும்பினார் என்றால், திரும்பி வந்தவர் மறுபடி போகவில்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மறுமொழி 6

பிரெஞ்சு, ஜெர்மன் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சில் ‘எவான்துவெல்மான்’, ஜெர்மனில் ‘எவென்டுவெல்’ என்னும் சொற்கள் இதே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, ஆனால் அவற்றின் பொருள் ‘ஒருவேளை’, ‘நேரக்கூடும்’ என்பது. அந்த மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஆங்கிலத்தில் ‘ஈவென்ச்சுவலி வருவேன்’ என்று எழுதினால், வருவதே ஐயம் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். ஆங்கிலச் சொல்லில் அந்த ஐயம் இல்லை. நேரம்தான் தெரியாது, நடப்பது உறுதி. வேர்ச்சொல்லுக்கு ‘வெளியே வருவது’, அதாவது விளைவு என்று பொருள். ‘ஃபைனலி’யின் வேரோ ‘எல்லை’ அல்லது ‘முடிவு’.

மறுமொழி 7

இவ்வளவு நேரமும் ஆங்கிலத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். கேள்வி கேட்ட நண்பரின் தடுமாற்றம் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. ‘இறுதியில்’ என்ற தமிழ்ச் சொல்லில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம். ‘தமிழில் யாருடைய எதிர்பார்ப்பும் இல்லையே’ என்று அவர் எழுதியது முற்றிலும் சரி. ‘இறுதியில்’ என்பது நிறமற்ற சொல். அதனால்தான் அகராதிக்காரர் அதை இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் எதிரில் வைக்க முடிந்தது. நிறமுள்ள தமிழ்ச் சொல்லை எதிரில் வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

அந்தச் சொல் ‘ஒருவழியாக’. ‘ஒருவழியாக வேலையை முடித்துவிட்டேன்’, ‘ஒருவழியாக மழை நின்றது’ என்கிறோம். பட்ட பாடும் தீர்ந்த நிம்மதியும் அதில் இருக்கின்றன. காத்திருப்புப் பொருளில் வரும் ‘ஃபைனலி’க்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. இப்போது நண்பர் தம்மையே கேட்டுப் பார்க்கட்டும்: ‘ஒருவழியாகக் காலமானார்’ என்று அவர் தமிழில் எழுதியிருப்பாரா? கை கூசியிருக்கும். பேத்தி ஆங்கிலத்தில் உணர்ந்தது அதே கூச்சத்தைத்தான்.

‘ஈவென்ச்சுவலி’க்கு இப்படி ஒரே சொல்லைக் காட்ட முடியாது. ‘நாளடைவில்’, ‘காலப்போக்கில்’, ‘போகப்போக’ ஆகியவற்றைப் பலர் பரிந்துரைப்பார்கள், அவை பாதிதான் பொருந்தும். ‘போகப்போகப் பழகிவிடும்’, ‘நாளடைவில் வழக்கொழிந்தது’ என்று சிறுகச்சிறுக நடப்பவற்றுக்கு அவை நன்றாக இருக்கும். ஒரே கணத்தில் நடந்து முடிவதற்கு அவை ஒட்டா. ‘நாளடைவில் கடிதம் வந்தது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஈவென்ச்சுவலி’யோ இரண்டையும் தாங்கும். எனவே அங்கே ‘பின்னர் ஒருநாள்’, ‘சில காலம் கழித்து’ என்று பிரித்து எழுத வேண்டும். எதிர்காலமானால் ‘என்றைக்காவது ஒருநாள்’ என்று எழுத வேண்டும்.

வேற்றுமை உருபிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கடைசியாக வந்தான்’ என்றால் எல்லோருக்கும் பின்னால் வந்தான், அல்லது சென்றமுறை வந்தான். ‘கடைசியில் வந்தான்’ என்றால் வருவானா மாட்டானா என்றிருந்து வந்தான். ‘ஆக’, ‘இல்’ என்ற இரண்டு சிறு ஒட்டுகள், ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் செய்யும் வேலையைச் செய்துவிடுகின்றன. ‘முடிவாக’, ‘முடிவில்’ என்பவற்றையும் இப்படியே பாருங்கள்: மறுமொழி 2 குறிப்பிட்ட சட்டப் பொருளுக்கு ‘முடிவாக’ என்பதுதான் வரும், ‘முடிவில்’ வராது.

இதைவிட முக்கியமானது துணைவினை. ஆங்கிலம் வினையடையில் ஏற்றும் மனநிலையைத் தமிழ் பெரும்பாலும் வினையின் வாலில் ஏற்றுகிறது. ‘வந்துசேர்ந்தான்’ என்பதில் கடந்த வழி தெரிகிறது. ‘வந்து தொலைந்தான்’ என்பதில் காத்திருந்தவரின் எரிச்சல் தெரிகிறது. ‘உண்மை வெளிவந்தே தீரும்’ என்பதில், எவ்வளவு காலமானாலும் தப்ப முடியாது என்ற உறுதி தெரிகிறது. இந்த மூன்றிலும் வினையடையே இல்லை, ஆயினும் ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது முதலாவதற்கு ‘ஈவென்ச்சுவலி’யோ ‘ஃபைனலி’யோ வரலாம், இரண்டாவதற்கு ‘ஃபைனலி’தான் வரும், மூன்றாவதற்கு ‘ஈவென்ச்சுவலி’ வரும். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்ற பழமொழியோ ‘ஈவென்ச்சுவலி’ என்ற கருத்தை வினையடையும் இல்லாமல், துணைவினையும் இல்லாமல், ‘ஊர’ என்ற ஒரே எச்சத்தில் வைத்திருக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பவர் ‘இறுதியில்’ எங்கே இருக்கிறது என்று தேடாமல், வாக்கியத்தின் வினை எப்படி முடிகிறது என்று பார்ப்பதே நல்லது.

மறுமொழி 8 (தொடக்கப் பதிவு எழுதியவர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘ஒருவழியாகக் காலமானார்’ என்ற சொற்றொடரைப் படித்தபோது சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி என்ன கேட்டாள் என்பது இப்போதுதான் எனக்கு உண்மையில் உறைத்தது.

குறிப்பை முழுமையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. இறப்பு வாக்கியத்தில் ‘ஈவென்ச்சுவலி டைட்’ என்று எழுதிப் பார்த்தேன். பிழையில்லை என்று தெரிகிறது, ஆனால் மருத்துவ அறிக்கை போல ஒலிக்கிறது. இரண்டாவது, அதே குறிப்பில் வேறோர் இடம். பெரியப்பாவும் என் அப்பாவும் ஒரு மனத்தாங்கலால் பல ஆண்டுகள் பேசாமல் இருந்தார்கள். ‘கடைசியில் இருவரும் பேசிக்கொண்டார்கள்’ என்று தமிழில் எழுதியிருந்தேன். அதற்கு எந்தச் சொல்லை வைப்பது?

மறுமொழி 9 (மறுமொழி 1 எழுதியவர்)

உங்கள் காது சரியாகவே சொல்கிறது. காயமடைந்தவர், நோயுற்றவர் பற்றிய அறிக்கைகளில் ‘ஈவென்ச்சுவலி டைட்’ வழக்கமாக வரும் தொடர், அதன் விலகல் அங்கே பொருத்தம். அன்புக்குரியவரைப் பற்றி எழுதும்போது அந்த விலகலும் வேண்டாமே. உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘இறுதியில்’ செய்யும் வேலை, எட்டு மாதத்தையும் மறைவையும் இணைப்பது மட்டும்தான். ஆங்கிலத்தில் அதை ‘ஆஃப்டர் எய்ட் மந்த்ஸ்’ என்ற தொடரே செய்துவிடும். வினையடையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்கு இலக்கணம் பதில் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். காலம் ஆற்றியது, யாரும் முயலாமல் தானாக நடந்தது என்றால் ‘ஈவென்ச்சுவலி’. அந்த நாளுக்காக வீட்டில் யாரேனும் ஏங்கியிருந்தால், தயங்காமல் ‘ஃபைனலி’ என்று எழுதுங்கள். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில், காற்புள்ளி இல்லாமல் வையுங்கள். தொடக்கத்தில் வைத்தால் குறிப்பின் கடைசிச் செய்தி என்று படித்துவிட வாய்ப்புண்டு.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், பிறருக்கும் பயன்படும். ‘கடைசியில் அவர் வரவேயில்லை’ போன்ற எதிர்மறை வாக்கியங்களில் இந்த இரண்டு சொற்களுமே பொருந்துவதில்லை. அங்கே ‘இன் தி எண்ட்’ என்று எழுதுவதே இயல்பு. நடக்காத ஒன்றை எப்படி ‘ஒருவழியாக’ என்று சொல்வது?

மறுமொழி 10 (தொடக்கப் பதிவு எழுதியவர்)

இறப்பு வாக்கியத்திலிருந்து வினையடையை எடுத்துவிட்டேன். இருவரும் பேசிக்கொண்ட இடத்தில் ‘தே ஃபைனலி டாக்ட்’ என்று எழுதி, நேற்று மாலை அனுப்பினேன். பேத்தி படித்துவிட்டு இந்த முறையும் ஒரு கேள்விதான் கேட்டாள்: அதற்காகக் காத்திருந்தது யார்? உன் கொள்ளுப்பாட்டி என்று பதில் எழுதினேன்.